கடுக்காய்த் தண்ணீரும் கான்கிரீட்டும்

நெல்லித்தோப்பு என்ற பெயரைக் கேட்டவுடன் நெல்லி மரங்களை நினைப்பவர் இன்று அரியர். விண்ணேற்பு அன்னை ஆலயம், அதன் ஆகஸ்டு மாதத் திருவிழா, கடைத்தெருவின் இரைச்சல், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் மாடி வீடுகள் ஆகியனவே நம் கண்முன் வருகின்றன. தோப்பு போயிற்று, பெயர் தங்கிவிட்டது. அந்த நெல்லிக்கு நம் நாட்டு மருத்துவத்தில் இரண்டு தோழர்கள் உண்டு: கடுக்காயும் தான்றிக்காயும். மூன்றும் கூடினால் திரிபலை. இம்மூவருள் கடுக்காய்க்கு மட்டும் மருந்துக் கடைக்கு வெளியே இன்னொரு பெருந்தொழில் இருந்தது. இந்தக் கடற்கரையில் ஆலயங்களையும் மாளிகைகளையும் எழுப்பிய சுண்ணச் சாந்தில் அது கலந்திருந்தது. அதைக் குறித்து எழுத வேண்டும் என்னும் எண்ணம் எனக்கு ஒரு வீட்டின் இறுகாத மேல்தளத்தைக் கண்டபோது உண்டாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் உறவினர் ஒருவர் தம் வீட்டுக்கு முதல் மாடி எடுத்தார். பணி ஓய்வின்போது கைக்கு வந்த பணம் அவ்வளவும் அதில்தான் இறங்கியிருந்தது. தளம் போடும் நாளன்று கலவை எந்திரம் விடியுமுன்பே வந்து நின்றது. சித்திரை வெயிலில் கலவை விரைந்து இறுகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வெள்ளைக் கேனில் பழுப்பு நிறத் திரவம் வரவழைக்கப்பட்டிருந்தது. கொத்தனார் அதற்கு இட்டிருந்த பெயர் ‘மருந்து’. ஒவ்வொரு கலவைக்கும் கேனைச் சாய்த்துக் கை போன போக்கில் ஊற்றினார். மாலையில் வேலை முடிந்தது. வேலையாட்களுக்கு வழக்கம்போல் விருந்தும் நடந்தது. மறுநாள் காலையில் ஏறிப் பார்த்தால் தளம் இறுகவில்லை. மாலையிலும் விரலை வைத்தால் பதிந்தது. “மருந்து கூடிப்போச்சுங்க ஐயா” என்று கொத்தனார் தலையைச் சொறிந்தார். வீட்டுக்காரர் அன்றிரவு உறங்கவில்லை. நானும் அவருக்குத் துணையாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர் ஆகிய நான்குமே கான்கிரீட்டின் உறுப்புகள் என்று நாம் பள்ளியில் படித்தோம். இன்று பெரிய கட்டடங்களில் ஐந்தாவது ஒன்றும் தவறாமல் சேர்கிறது. கலக்கும்போது சிறிதளவே சேர்த்து, கலவையின் குணத்தையே மாற்றிவிடும் வேதிப்பொருள் அது. பொறியாளர்கள் அதனை ‘அட்மிக்ஸர்’ என்பர். பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘அட்ஜுவான்’ என்று பெயர்; துணைசெய்வது என்பது பொருள். தமிழில் ‘சேர்மானம்’ என்று சொல்லலாம். இலேகியத்துக்கும் குழம்புக்கும் நாம் வழங்கும் சொல்தான். சில சேர்மானங்கள் இறுகும் நேரத்தை நீட்டும், சில குறைக்கும், சில தண்ணீரைக் குறைத்தும் கலவையை இளக்கமாக வைத்திருக்கும், சில நீர்க்கசிவைத் தடுக்கும்.

இவை யாவும் மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களில் அண்மையில் பிறந்த புதுமைகள் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தை அசைத்துப் பார்க்கும் சான்று ஒன்று இலண்டனில் அச்சேறியிருக்கிறது.

ஐசக் பைக் என்பவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செயிண்ட் ஹெலினா தீவின் ஆளுநராயிருந்தவர். பிற்காலத்தில் நெப்போலியன் சிறையிருந்து மாண்ட அதே தீவுதான். சென்னைப்பட்டினத்தில் மிகச் சிறந்த சாந்து எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை அவர் எழுதி அனுப்ப, இராயல் சொசைட்டியின் இதழ் 1732-ஆம் ஆண்டளவில் அதனை வெளியிட்டது. அதில் கண்ட முறை ஏறத்தாழ இதுதான். பதினைந்து மரக்கால் மணலுக்குப் பதினைந்து மரக்கால் சுண்ணாம்பு. (அவர் சொல்வது புஷல் என்னும் ஆங்கில அளவு, நம் மரக்காலைவிடப் பெரியது. விகிதம் விளங்கினால் போதும்.) சுண்ணாம்பைத் தாளித்து இரண்டு மூன்று நாள் கிடக்க விடவேண்டும். பின்பு இருபது இராத்தல் வெல்லத்தை, அதாவது சுமார் 9 கிலோவை, நீரில் கரைத்து அதன்மேல் தெளித்து அடித்துக் கலக்கவேண்டும். கொள்ளு என்று கருதத்தக்க ஒரு பயற்றைக் கூழாக வேகவைத்து வடிகட்டிய நீர் ஒன்று. கடுக்காயை அவ்வாறே வேகவைத்த நீர் மற்றொன்று. பெரிய பாத்திரம் இருந்தால் மூன்று நீரையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். அந்த நீரில் நம்மவர் கொஞ்சம் சுண்ணாம்பையும் கரைத்து வைப்பார்களாம். ஏனெனில், இல்லையேல் வேலையாட்கள் அதைக் குடித்துவிடுவார்களாம்!

இந்தக் கடைசிச் செய்தியை முதன்முறை அறிந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. உச்சி வெயிலில் மண்ணும் சுண்ணாம்பும் சுமந்தவனுக்கு வெல்லம் கரைத்த நீரைக் கண்டால் வேறென்ன தோன்றும்? ஆலயத்தின் மேற்கூரைக்குப் போன இனிப்பு அவன் வயிற்றுக்குப் போகாதபடி காவல் காத்த சுண்ணாம்பு அது. நம் பழங்கட்டடங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கட்டச் சொன்ன ஆளுநரின் பெயரையும் ஆயரின் பெயரையும் எழுதுவார்கள். சாந்து அடித்தவனைப் பற்றி ஒரு வரி கிடைப்பது அரிது. பைக் என்ற ஆங்கிலேயரின் குறிப்பில், தாகத்தோடு நிற்கும் அவன் ஒரு கணம் தலைகாட்டிச் செல்கிறான்.

மேற்பூச்சுக்கு முறை இன்னும் நுட்பமானது. சாந்தோடு முட்டையின் வெண்கருவும் நெய்யும் மோரும் சேர்த்து அடிக்கவேண்டும் என்று அதே குறிப்பு கூறுகிறது. சலவைக்கல்லைப் போல மின்னிய ‘மெட்ராஸ் சுன்னம்’ ஐரோப்பியர் வியந்து பேசிய பொருள். செட்டிநாட்டு மாளிகைகளின் சுவர்களில் கைவைத்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

இப்பொருள்கள் அங்கே என்ன வேலை செய்தன? சுண்ணச் சாந்து இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் சுண்ணக்கல்லாக மாறுவதால். தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் குறைவாகவே கரையும். சர்க்கரை கலந்த நீரிலோ பன்மடங்கு கரையும். ஆகவே வெல்ல நீர் சுண்ணாம்பை மணலின் இடுக்குகள் தோறும் கொண்டுசேர்த்தது. குறைந்த நீரிலேயே கலவை கரணைக்கு இணங்கியது. கடுக்காயில் துவர்ப்புச் சத்தாகிய டானின் மிகுதி. வெல்லமும் கடுக்காயும் சேர்ந்த நீரைச் சில நாள் ஊறவைத்தால் புளித்துப் பொங்கும். அப்போது எழும் கரியமில வாயு சாந்தின் உட்புறத்தை இறுகச் செய்யத் துணைபுரிந்திருக்கும் என்று ஆய்வாளர் கருதுவர். மோரிலுள்ள புரதம் சுண்ணாம்போடு கூடிப் பசையாகிறது. நெய்யிலுள்ள கொழுப்பு சுண்ணாம்போடு கூடினால் தண்ணீரில் கரையாத ஒருவகைச் சோப்பு உண்டாகிறது. அது நீரை ஒட்டவிடாமல் தள்ளும். இன்று கடைகளில் நீர்க்கசிவுத் தடுப்பானாக விற்கும் பொடிகள் பலவற்றில் இருப்பது கால்சியம் ஸ்டியரேட். அதுவும் கொழுப்பும் சுண்ணமும் கூடிப் பிறந்த பொருளே. நெய்ப் பானைக்கும் அந்தப் பொடிப் பொட்டலத்துக்கும் உறவு அவ்வளவு நெருக்கம்.

இவ்வறிவு தமிழருக்கு மட்டும் உரியது என்று நான் மார்தட்டவில்லை. சீனர் பசையரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்போடு கலந்து மதில் எழுப்பினர். அதில் வேலை செய்தது அரிசி மாவிலுள்ள அமைலோபெக்டின் என்னும் பொருள் என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2010-இல் விளக்கினர். உரோமையர் எரிமலைச் சாம்பலைச் சேர்த்தனர். ஒவ்வொரு நாட்டாரும் தம் அடுக்களையிலும் தோட்டத்திலும் மலையடிவாரத்திலும் கிடைத்ததைக் கொண்டு ஒரே கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள்.

புதுச்சேரியில் அந்த விடையின் அடையாளங்கள் நிறைய. 1761-இல் ஆங்கிலேயர் இந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். இன்று நாம் காணும் பழைய நகரம் அதற்குப் பின் எழுந்தது. சம்பா கோவில் என்று நாம் அழைக்கும் அமலோற்பவ அன்னை பேராலயம் 1791-இல் மந்திரிக்கப்பட்டது. கடலோரமாக நிற்கும் தூய சம்மனசுகளின் இராக்கினி ஆலயம், அதாவது கப்ஸ் கோவில், 1855-இல் முடிந்தது. தென்புறத்து இரயில் நிலையத்தை அடுத்துள்ள திரு இருதய ஆண்டவர் ஆலயம் 1907-இல் எழுந்து, 2011-இல் பசிலிக்கா என்னும் தகுதி பெற்றது. கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் கிடைப்பது மிகத் தூய சுண்ணாம்பு. அதை மாடு பூட்டிய கல்லுருளையால் அரைத்து, ஊறவைத்து, மறுபடியும் அரைத்துச் சுவரேற்றினார்கள். கப்ஸ் கோவிலின் உட்சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவைக் கலந்து பூசினார்கள் என்பது இந்நகரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவ்வாலயத்தின் உள்ளே போய் அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எத்தனை ஆயிரம் கோழிகள் இதற்குக் காணிக்கை கொடுத்தனவோ என்று எண்ணிக்கொள்வது என் வழக்கம்.

மேல்தளமும் இப்படித்தான். தேக்கு விட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்க, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த ஓசையைக் கேட்டவர்கள் நம் மூத்த தலைமுறையில் இன்னும் இருக்கக்கூடும்.

பிறகு சிமென்ட் வந்தது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிரான்சு நாட்டுப் பொறியாளர் லூயி விக்கா, நீரில் இறுகும் சுண்ணாம்பின் இரகசியத்தை ஆராய்ந்து 1818-இல் நூலாக வெளியிட்டிருந்தார். நம் நாட்டில் சிமென்ட் செய்யும் முதல் முயற்சி 1904-இல் சென்னையில் நடந்தது. கடற்சிப்பியையே மூலப்பொருளாகக் கொண்ட அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914-இல் குஜராத்தின் போர்பந்தரில்தான் தொழில் வேர்விட்டது.

சிமென்டைக் கண்ட கொத்தனாருக்கு அது மாயப்பொருளாகத் தோன்றியதில் வியப்பில்லை. அரைக்க வேண்டாம், ஊறவைக்க வேண்டாம், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் இறுகிவிடுகிறது. சுண்ணாம்பு காற்றை உண்டு இறுகுகிறது. சிமென்டோ தண்ணீரை உண்டு இறுகுகிறது. கடுக்காய்ப் பானை மூலைக்குப் போயிற்று. அதனோடு சேர்மானம் என்னும் எண்ணமும் சிறிது காலம் நம்மிடமிருந்து மறைந்தது.

இந்த இடைக்காலத்தில் புதுச்சேரியில் ஓர் அரிய கட்டடம் எழுந்தது. அரவிந்தர் ஆசிரமத்தார் தங்குவதற்கென 1937-இல் திட்டமிட்டு 1940-களின் முற்பகுதியில் முடித்த ‘கோல்கொண்டா’ விடுதியே அது. ஐதராபாத் சமஸ்தானத்தின் சர் அக்பர் ஐதரி வழியாகக் கிடைத்த நன்கொடையால் அப்பெயர் பெற்றது. வடிவமைத்தவர் பொகீமிய நாட்டில் பிறந்து ஜப்பானில் பணிபுரிந்த அந்தோனின் ரேமண்ட். பாரிசுக்கு அருகே இரான்சி என்னும் ஊரில் 1923-இல் ஒகுஸ்த் பெரே கட்டிய மாதா கோவில், பூச்சில்லாத கான்கிரீட்டின் அழகை உலகுக்குக் காட்டிய ஆலயம். அதன் சாயலிலேயே ரேமண்ட் டோக்கியோவில் ஒரு கிறித்தவக் கல்லூரிக்குச் சிற்றாலயம் வகுத்தார். அந்த வழியில் வந்த கலைதான் நம் நகருக்கும் வந்தது. கோல்கொண்டாவின் கட்டுமானத்தை நேரில் நின்று கவனித்தவர்களுள் ஒருவர் ஜப்பானிய அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா. அவரே பிற்காலத்தில் ஜப்பானின் கியோத்தோவில் ஒரு கத்தோலிக்க ஆலயத்தை 1965-இல் வடிவமைத்தார் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாயிருக்கும்.

கோல்கொண்டாவில் நான் வியப்பது அதன் இருமுகத்தைத்தான். வெளியே பூச்சற்ற கான்கிரீட். உள்ளேயோ செட்டிநாட்டு முறையில் மெருகேற்றிய வெண்சுண்ணப் பூச்சு. பழைய சேர்மானமும் புதிய கலவையும் ஒரே சுவரின் இருபுறத்தில் நின்றன. ஆசிரமத்தாரும் கூலியாட்களும் சேர்ந்து, அவசரமின்றி, ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செய்த வேலை அது. உப்புக்காற்று வீசும் நகரில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அது நிற்பதற்கு அந்தப் பொறுமை ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

கோல்கொண்டா எழுந்துகொண்டிருந்த அதே 1930-களில்தான் அமெரிக்காவில் சேர்மானம் மறுபிறவி எடுத்தது. நியூயார்க் மாநிலத்துச் சாலைகளில் உறைபனியால் கான்கிரீட் உதிர்ந்துகொண்டிருந்தது. சில சாலைகள் மட்டும் உதிரவில்லை. ஏன் என்று தேடியபோது, அவற்றுக்கு வந்த சிமென்டை ஆலையில் அரைக்கும்போது எளிதாக அரைபடுவதற்காக மாட்டுக் கொழுப்பைச் சேர்த்திருந்தார்கள் என்பது தெரிந்தது. அந்தக் கொழுப்பு கலவைக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருந்தது. உறையும் நீர் விரிவதற்கு அக்குமிழிகள் இடம் கொடுத்தன. சென்னைப்பட்டினத்தில் நெய் செய்த வேலை ஒன்று. நியூயார்க்கில் கொழுப்பு செய்த வேலை வேறொன்று. ஆயினும் கட்டடக் கலவையில் கொழுப்புக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இரண்டுமே விடை. நமக்கு உறைபனிக் கவலை இல்லை என்பது வேறு.

அதே காலத்தில் காகித ஆலைகள் ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்த பழுப்பு நிறக் கழிவு நீருக்கும் ஒரு வாழ்வு வந்தது. மரக்கூழிலிருந்து பிரியும் லிக்னின் சார்ந்த அப்பொருளைச் சிறிதளவு சேர்த்தால் கலவை இளகிற்று. காரணம் எளிது. சிமென்ட் துகள்கள் நீரில் விழுந்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, நடுவே தண்ணீரைச் சிறைப்படுத்திக்கொள்ளும். கொத்தனார் கலவை இறுக்கமாயிருக்கிறதென்று மேலும் நீர் ஊற்றுவார். சிமென்டோடு கூடாமல் எஞ்சும் நீர் பின்னர் ஆவியாகிப் போனபின் அங்கே துளைகளே மிஞ்சும். தண்ணீர் கூடக் கூட வலிமை குறையும் என்பதை டஃப் ஏப்ரம்ஸ் என்னும் அமெரிக்கர் 1918-இலேயே காட்டினார். துகள்களின்மேல் படியும் சேர்மானம் அவை ஒன்றையொன்று தள்ளும்படி செய்கிறது. சிறைப்பட்ட நீர் விடுதலை பெறுகிறது. ஊற்றாமலே இளக்கம் கிடைக்கிறது. 1960-களில் ஜப்பானியரும் ஜெர்மானியரும் இவ்வழியில் இன்னும் ஆற்றல் மிக்க பொருள்களைக் கண்டனர். அவற்றால் தண்ணீரில் நான்கில் ஒரு பங்கையும் அதற்கு மேலும் குறைக்க முடிந்தது. 1980-களின் இறுதியில் டோக்கியோவில் பேராசிரியர் ஒகமுரா, குத்தாமல் அதிராமல் தானே ஓடி அச்சை நிரப்பும் கான்கிரீட்டைச் செய்து காட்டினார். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 600 மீட்டர் உயரத்துக்குக் குழாய் வழியே கலவை ஏறியதும் இத்தகைய சேர்மானத்தின் துணையால்தான்.

வெல்லம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சிமென்டுக்கும் அது பழக்கமான விருந்தாளிதான். ஆனால் மிகக் கண்டிப்பான விருந்தாளி. சிமென்டின் எடையில் 0.05 விழுக்காடு சர்க்கரை சேர்ந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தள்ளிப்போகும். 50 கிலோ மூட்டைக்கு அது 25 கிராம். ஒரு குடும்பத்துக் காப்பிக்குப் போடும் அளவு. அதுவே 100 கிராமைத் தாண்டிவிட்டால் சிமென்ட் இறுகவே மறுக்கும். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் 1994-இல் திறந்த சுரங்கப்பாதையைத் தோண்டியபோது, கலவை எந்திரங்களை உள்ளே கழுவ வழியில்லை. எஞ்சிய கான்கிரீட் எந்திரத்திலேயே கல்லாகாமலிருக்கக் கரும்பாலைக் கழிவுப் பாகை ஊற்றினார்கள். சுண்ணாம்புக்கு இருபது இராத்தல் வெல்லத்தை அள்ளிக்கொடுத்த கை, சிமென்டிடம் வந்தால் விரல் நுனியால் அளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் நிகழ்ந்தது இதுதான். இறுகலைத் தள்ளிப்போடும் மருந்துகள் பலவற்றின் உட்பொருள் சர்க்கரையின் இனத்தைச் சேர்ந்தவையே.

அளவு தவறினால் வரும் கேடு உடனே தெரிந்துவிட்டால் நல்லது. தெரியாமல் உள்ளிருந்து அரிக்கும் கேடே கொடியது. கால்சியம் குளோரைடு என்னும் உப்பு, கலவையை விரைந்து இறுகச் செய்யும், விலையும் மலிவு. குளிர்நாடுகளில் பல பத்தாண்டுகள் அதைத் தாராளமாகச் சேர்த்தார்கள். அதிலுள்ள குளோரைடு உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது; துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்கும்; கான்கிரீட் வெடித்து உதிரும். பிரிட்டனில் 1977-இல் கம்பி பதித்த கான்கிரீட்டில் அதன் பயன்பாடு விதியால் தடுக்கப்பட்டது. நம் நாட்டிலும் சேர்மானங்களுக்கென இந்தியத் தர நிறுவனம் 1979-இல் வகுத்து 1999-இல் திருத்திய விதி ஐ.எஸ். 9103 உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 விதி, கம்பி பதித்த கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கலாகாது என்கிறது. கடற்காற்றே நாள்தோறும் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும் புதுச்சேரியில் இந்த எண்ணை ஒவ்வொரு வீட்டுக்காரரும் அறிந்திருப்பது நலம். நீர்க்கசிவுத் தடுப்பானோ இறுகல் மருந்தோ வாங்கும்போது, அதில் குளோரைடு உண்டா என்று கடைக்காரரிடம் கேட்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. சுண்ணச் சாந்தால் கட்டிய பழைய சுவர்களுக்கு நாம் சிமென்ட் பூச்சு பூசிக்கொண்டிருக்கிறோம். சுண்ணச் சுவர் மூச்சு விடும் சுவர். அடியிலிருந்து ஏறும் ஈரமும் உப்பும் அதன் வழியே வெளியேறி உலர்ந்துபோகும். அதன்மேல் இறுக்கமான சிமென்டைப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். சில மழைக்காலத்துக்குப் பின் பூச்சு செங்கல்லையும் சேர்த்துக்கொண்டு பாளம் பாளமாக விழும். திருவிழாவுக்கு முன் ஆலயம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு இதைச் செய்த பங்குகளை நான் அறிவேன். பெயர் சொல்ல விரும்பவில்லை, எண்ணம் தூயதே. 2014 நவம்பர் 29 அன்று, கடற்கரைச் சாலையில் நின்ற நம் பழைய மேரி கட்டடம் மழையில் சரிந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் நாம். அது நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்த கட்டடம். 2021-இல் அதே உருவில் மீண்டும் எழுப்பித் திறந்தார்கள். உருவம் திரும்பியது, பழைய செங்கல்லும் சாந்தும் போனவை போனவையே. இன்டாக் அமைப்பினர் இந்நகரின் பழங்கட்டடங்களைச் சுண்ணச் சாந்து கொண்டே சீர்செய்யும் முயற்சியில் ஈடுபட்டு வருகின்றனர். ஆனால் அந்தச் சாந்தை அரைக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கடுக்காய் எத்தனை நாள் ஊறவேண்டும், வெல்ல நீர் எந்தப் பதத்தில் இறங்கவேண்டும் என்பதை முகர்ந்தும் தொட்டும் சொன்னவர்கள் அவற்றை எழுதி வைக்கவில்லை. கேனின் மேல் எழுதியிருப்பதையோ நாம் படிப்பதில்லை.

எங்கள் தெருத் தளத்தின் கதையை முடிக்கவேண்டும். மூன்றாம் நாள் காலையில் அனுபவமிக்க பொறியாளர் ஒருவர் வந்தார். தளத்தை உடைக்கலாமா என்று கேட்ட வீட்டுக்காரரை அமர்த்தினார். அச்சுப்பலகையை எவரும் தொடக்கூடாது, ஈரச்சாக்கு போர்த்தி வைக்கவேண்டும், வெயில் படக்கூடாது என்றார். சேர்மானம் மிகுந்ததால் தாமதித்த இறுகல் பெரும்பாலும் பின்னால் வந்து சேர்ந்துவிடும். அதற்குள் நீர் உலர்ந்துபோனால்தான் ஆபத்து என்று விளக்கினார். நான்காம் நாள் இரவு சுத்தியலால் தட்டிய இடத்தில் ஓசை மாறியது. ஐந்தாம் நாள் ஆணி இறங்கவில்லை. முட்டுகளை எடுக்க வழக்கத்தைவிட இரண்டு வாரம் அதிகம் காத்திருந்தார்கள். தளம் இன்றும் நிற்கிறது, மழையில் ஒழுகவில்லை.

புறப்படும்போது அப்பொறியாளர் காலிக் கேனை எடுத்துக் கொத்தனாரிடம் காட்டினார். மூட்டைக்கு எத்தனை மில்லி என்று அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மூடியின் உட்புறத்தில் அளவுக் கோடும் இருந்தது. கொத்தனார் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த மாதம் இன்னொரு தெருவில் அவர் வேலை நடந்தது. அந்த வழியாகப் போனபோது பார்த்தேன்: கலவை எந்திரத்தின் கைப்பிடியில் அந்த மூடியை ஒரு சணல் கயிற்றில் கோத்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.